பங்கு பிரித்த சர்வர்

நாமக்கல்லுக்கு வெளியே இருந்த அந்தக் காம்பவுண்டில் பங்கு பிரிக்கப்படாமல் மிஞ்சியவை இரண்டே இரண்டு. ஒன்று கிணறு. இன்னொன்று நான்.

அண்ணன் தம்பி மூன்று பேர். ஒன்றாக இருந்தவரை எல்லாம் ஒரே கோழித் தொழில்: தீவன மில், பண்ணை, முட்டை ஏற்றிப் போகும் லாரிகள். பிரிந்தபோது பெரியவருக்கு மில், இரண்டாமவருக்குப் பண்ணை, சின்னவருக்கு லாரி என்று ஆயிற்று. நடுவே இரண்டு மதில்கள் எழும்பின. கிணற்றுக்கு மட்டும் மதில் வைக்க முடியாது என்பதால் முறை வைத்துக்கொண்டார்கள், ஆளுக்கு இரண்டு நாள் தண்ணீர். நான் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. தனித்தனியாக ஆள் வைக்கிற அளவுக்கு மூன்று இடத்திலும் வேலை இல்லை. யோசித்துப் பார்த்து எனக்கும் கிணற்று முறையையே போட்டுவிட்டார்கள். திங்கள், செவ்வாய் பெரியவருக்கு. புதன், வியாழன் இரண்டாமவருக்கு. வெள்ளி, சனி சின்னவருக்கு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை சின்னவர் ஆபீசில் பிரிண்டர் நின்றால் அது வெள்ளிக்கிழமை வரைக்கும் நின்றபடியேதான் இருக்கும். ஒருமுறை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய கிளார்க் ஏதோ கேட்டார், நானும் எட்டிப் பதில் சொல்லிவிட்டேன். மில் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில், முறை மாறித் தண்ணீர் பாய்ச்சிய குற்றம் இருந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அன்று முழுக்க அவருடைய கடவுச்சொல்லை மாற்றித் தராமல் இழுத்தடித்தேன்.

சேலம் அம்மாபேட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய்வந்து கொண்டிருந்தேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டேன். புதுச் செருப்பு வாங்கினால்கூட முதலில் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். இந்தப் புத்தியால் வீட்டில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன், வேலை கிடைத்ததும் இதே புத்தியால்தான்.

நான் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, ஒரு மார்ச் மாதம் மூன்று ஆபீசுக்கும் ஒரே கடிதம் வந்தது. சர்வர்களில் ஓடும் மென்பொருளின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், கட்டணம் ஏறியிருக்கிறது, மெஷின்களும் பழசாகிவிட்டதால் மாற்றினால் நல்லது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரும்பப் போட்டு, இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"ஏனம்மிணி, போன தடவை கட்டுனதே ஜாஸ்தியின்னு நெனச்சனே?"

"ஆமாங்கய்யா."

"கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்காரங்க வந்து பேசிப்போட்டுப் போயிருக்கறாங்க. மெஷினு, ஆளு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம். ஜூன் வரைக்கும் டைம் இருக்குது. அதுக்குள்ள நீ ஏதாச்சும் வழி பண்ணுனாச் சரி. இல்லீன்னா அவங்ககிட்டயே உட்டுப்போடலாம்னு இருக்கறேன்."

ஆளும் அவர்களே என்றால் நான் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, ஒரு வருடமாக என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ராசிபுரம் வரைக்கும் பயமாக இருந்தது. ராசிபுரம் தாண்டியதும் பயம் போய், இந்த சர்வர்கள் உண்மையில் நாள் முழுக்க என்னதான் செய்கின்றன என்ற யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த இரண்டு வாரம் அவரவர் முறை நாளில் அவரவர் மெஷின்களைக் கண்காணித்தேன். மூன்று இடத்திலும் சேர்த்து ஏழு சர்வர்கள். கணக்குக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்றை வாங்கிக் குவித்திருந்தார்கள். அண்ணன் ஒன்று வாங்கினால் தம்பியும் வாங்குவார். ஏழும் அவரவர் ஏசி அறையில் உட்கார்ந்து பெரும்பாலான நேரம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. காலையில் முட்டை லோடு ஏறும்போது கொஞ்சம் வேலை, சாயங்காலம் தீவன லாரிகள் கிளம்பும்போது கொஞ்சம். மற்றபடி சும்மா. இந்தச் சும்மா இருப்புக்குத்தான் கரண்டும் உரிமமும்.

ஏழு மெஷினின் வேலையை இரண்டே நல்ல மெஷினில் அடக்கிவிடலாம். ஒரு மெஷினுக்குள் தனித்தனி சர்வர்களாகப் பிரித்து ஓடவிடலாம், ஒன்று படுத்தால் அதன் வேலையை மற்றது தூக்கிக்கொள்ளும். இதற்கான மென்பொருள் ஓப்பன் சோர்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு நான் பல வருடமாக நோண்டிக்கொண்டிருந்ததும் அதில்தான். ஆனால் ஒரு சங்கடம். மூன்று பேரும் சேர்ந்தால்தான் செலவு குறையும். தனித்தனியாக ஆளுக்கு இரண்டு வாங்கினால் மொத்தம் ஆறு, ஏழுக்கும் ஆறுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

பெரியவரிடம் விளக்கினேன். அவர் ஜன்னல் வழியாகக் கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"கெணறு ஒண்ணு. மோட்டாரு மூணு. அவங்கவங்க பைப்பு, அவங்கவங்க காடு. அப்புடித்தான?"

நான் அரைமணி நேரம் படம் போட்டு விளக்கியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"சரி, சும்மா குடுக்கறாங்கன்னு சொல்றியே, அது ஆரு? சும்மா குடுக்கறவனுக்கு என்ன லாபம்?"

"எனக்கும் அதுதாங்கய்யா புரியல. பல ஊர்ல இருந்து எழுதறாங்க. ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் திருத்தறாரு. ஆரு வேணும்னாலும் உள்ள தொறந்து பாக்கலாம்."

"தொறந்து பாக்கலாமா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பப் பரவால்ல. தொறக்க உடாதவன்தான் ஏமாத்துவான்."

இரண்டாமவருக்கு வேறு பயம். தன் கணக்கை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டால்? கிணற்றில் தன் முறை முடிவதற்கு அரைமணி முன்னாலேயே யாரோ மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள் என்று அவருக்கு வெகுநாள் சந்தேகம். இங்கே யாரும் யார் பங்கிலும் கை வைக்க முடியாது, எவ்வளவு என்று முன்கூட்டியே வரம்பு வைத்துவிடலாம் என்று காட்டினேன். "கெணத்துக்கும் இப்புடி ஒண்ணு இருந்தாத் தேவலைங்க" என்று பெருமூச்சு விட்டார். சம்மதித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சின்னவரிடம் போனேன். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். மற்ற இருவரையும்விடக் கம்ப்யூட்டர் தெரிந்தவர், லாரிகள் எங்கே போகின்றன என்று போனிலேயே பார்த்துக்கொண்டிருப்பார். இவர்தான் சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று கடைசிக்கு வைத்திருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வேண்டாமுங்க மேடம்" என்றார்.

"ஏனுங்க சார்?"

"பெரியவரோட ஒருக்காப் பங்கு போட்டு ஏமாந்தது பத்தாதுங்களா?"

அவர் அண்ணன் என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். பெரியவரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பது காம்பவுண்டுக்கே தெரியும், காரணம்தான் யாருக்கும் தெரியாது. என் பழக்கம் சும்மா இருக்கவிடுமா? என்ன ஏமாற்றம் என்று கேட்டுவிட்டேன்.

அவர் மேஜையின் அடி அறையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்து வைத்தார். பங்கு பிரித்த அன்று ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து கரண்டி முதல் காடு வரை எல்லாவற்றையும் மூன்றாக வைத்தார்களாம். ஆபீசில் அப்போது ஒரே ஒரு சர்வர். அதை எப்படிப் பிரிப்பது? உள்ளே என்ன இருக்கிறது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். மூன்று டிஸ்க் இருக்கிறது என்று அப்போதிருந்த கம்ப்யூட்டர்காரர் சொன்னதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று! பெரியவர் மூன்றையும் பாயில் வைத்தார். வழக்கப்படி சின்னவர் முதலில் எடுத்தார். மூன்றில் ஒன்று மட்டும் புதிதாக, லேபிள் மங்காமல் இருந்தது. அதைத்தான் எடுத்தார்.

"கேரளாவுல முட்டை வாங்கற கடைங்க பூராத்தோட வெவரமும் அந்த சர்வர்லதான் இருந்துச்சு. சேலத்துல ஒரு கடையில குடுத்துப் பாத்தா, ஒண்ணுமே இல்லீங்க, காலி டிஸ்க்குன்னு சொல்லிப்போட்டாங்க. புதுசா வாங்கிப் பளபளன்னு என்ர முன்னால வெச்சு எடுக்க உட்டிருக்கறாரு. ஒவ்வொரு கடையா ஏறி எறங்கித் திரும்பப் புடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சுங்க மேடம்."

நான் அந்த டிஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. நல்ல வேளையாக வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பெரியவரிடம் பழைய சர்வரைப் பற்றிக் கேட்டேன். கோடவுனில் மக்காச்சோளச் சாக்குகளுக்குப் பின்னால் இருந்தது. டிஸ்கை எடுத்த பிறகு அது வெறும் டப்பா என்று யாருடைய பங்கிலும் சேர்க்காமல் விட்டுவிட்டார்களாம். மூடியைக் கழற்றினேன். உள்ளே பல்லி முட்டை, தவிட்டுத் தூசி, மூன்று காலி இடங்கள், அவற்றுக்குப் பின்னால் மூன்று டிஸ்கையும் ஒன்றாகக் கட்டி ஆளும் ஒரு சர்க்யூட் அட்டை. நான் சந்தேகப்பட்டது சரிதான்.

அந்த அட்டை தகவலை டிஸ்க் டிஸ்காகத் தனித்தனியே எழுதாது. எல்லாவற்றையும் துண்டு துண்டாக்கி மூன்றிலும் மாறி மாறி எழுதும். தறிச் சத்தத்தில் வளர்ந்த அம்மாபேட்டைக்காரிக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு சேலையை மூன்று பேருக்கு மூன்று துண்டாக வெட்டித் தரவில்லை, இழை இழையாக உருவி ஆளுக்குக் கொஞ்சம் தந்திருக்கிறார்கள். எந்த ஒரு பங்கிலும் சேலை இல்லை. தனியாகச் சொருகிப் பார்த்தால் எந்த டிஸ்கும் காலி என்றுதான் காட்டும். சின்னவருடையது புதிதாகத் தெரிந்ததற்கும் காரணம் கிடைத்தது. டப்பாவின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில், பிரிவினைக்கு ஆறு மாதம் முன்னால் பழுதான ஒரு டிஸ்கை மாற்றியதாக எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. ஒரு சர்வரைப் பாயில் போட்டுப் பங்கு வைக்கும்போது, பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை வருடம் ஒருவர் மதிலுக்கு அந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்! சாக்கின் மேல் உட்கார்ந்து அந்தக் கம்ப்யூட்டர்காரரை நன்றாகத் திட்டித் தீர்த்தேன். அவர் இப்போது வெளிநாட்டில் எங்கேயோ இருக்கிறாராம்.

மூன்று பேரையும் ஒன்றாக நிறுத்தி இதைக் காட்டினால் ஒழிய சின்னவர் நம்பமாட்டார், நம்பாமல் பங்குக்கு வரமாட்டார், அவர் வராவிட்டால் ஜூனோடு என் வேலை போய்விடும். ஆனால் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே நின்று வருடக்கணக்கில் ஆகியிருந்தது. ஒவ்வொருவரிடமும் அவரவர் முறை நாளில் போய் ஒரே விஷயத்தைச் சொன்னேன். பழைய தகவல் முழுவதையும் மீட்டுத் தர முடியும், ஆனால் மூன்று டிஸ்கும் ஒரே நேரத்தில் வேண்டும், ஒன்று குறைந்தாலும் நடக்காது.

அது பொய். இரண்டு டிஸ்க் இருந்தாலே போதும். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டிலிருந்து அதைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம் என்பதற்காகத்தானே அப்படி எழுதுகிறார்கள்? பெரியவரும் இரண்டாமவரும் தந்திருந்தால் சின்னவர் இல்லாமலேயே எல்லாம் திறந்திருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் மூன்று வேண்டும் என்று கண்ணைப் பார்த்துச் சொன்னேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"ரோசன பண்ணிச் சொல்றனுங்க" என்றார் சின்னவர். அடுத்த சனிக்கிழமை, வருகிறேன் என்றார். யார் ஆபீசுக்கும் வரமாட்டாராம்.

அதனால் கிணற்று மோட்டார் ரூமில் கூடினோம். மூன்று பேருக்கும் பொதுவான கரண்ட் பாயிண்ட் அங்கே மட்டும்தான் இருந்தது. ஞாயிறு காலை பதினோரு மணி. ஒரு ஸ்டூலில் என் லேப்டாப். பெரியவர் தன் டிஸ்கை மஞ்சள் துணியில் சுற்றி இரும்புப் பெட்டியிலிருந்து பத்திரங்களோடு எடுத்து வந்திருந்தார். துணியின் மடிப்புகூடக் கலையவில்லை. இரண்டாமவருடையதில் டீ டம்ளர் வைத்த வட்டம். ஃபேன் காற்றில் பில் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தாராம். சின்னவர் கடைசியாக வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். வெயில் முதுகில் அடித்தது, அப்படியும் உள்ளே வரவில்லை.

முதலில் அவருடையதைச் சொருகினேன். காலி என்று காட்டியது. அவர் தலையை ஆட்டினார். அதைக் கழற்றிவிட்டுப் பெரியவருடையதைச் சொருகினேன். காலி. இரண்டாமவருடையதும் காலி.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். "இத்தன வருசமா வெறும் டப்பாவையா நான் பொட்டியில வெச்சுப் பூட்டியிருந்தேன்?"

"காலியில்லீங்கய்யா. தனியாப் பாத்தா அப்புடித்தான் தெரியும்."

மூன்றையும் ஒன்றாகச் சொருகினேன். அந்தப் பழைய அட்டை எழுதிய விதத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு சின்னக் கருவியை இணையத்தில் தேடி எடுத்து வைத்திருந்தேன். அதையும் யாரோ இலவசமாகத்தான் எழுதியிருந்தார். எழுதியவருடைய குறிப்பைப் படித்தபோது, அவரும் இதே அட்டையிடம் மாட்டிக்கொண்டவர் என்று தெரிந்தது. தான் பட்ட பாடு இன்னொருவர் படவேண்டாமே என்று போட்டு வைத்திருக்கிறார். அவர் எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது.

கொஞ்ச நேரம் எழுத்துகள் ஓடின. பிறகு வரிசையாகக் கோப்புகளின் பெயர்கள் வந்தன. தீவன அளவு. வருகைப் பதிவு. லாரி டிரிப். கேரளா கடைப் பட்டியல்.

சின்னவர் எப்போது உள்ளே வந்தார் என்று கவனிக்கவில்லை. திரும்பினால் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். பட்டியலைத் திறக்கச் சொன்னார். மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார். "இதுல பாதிக் கடை இப்ப இல்லீங்க" என்றார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "ஏனுங்கண்ணா, உங்குளுதுமா காலின்னு காட்டுச்சு?" என்று கேட்டார்.

"எனக்கென்ன சாமி தெரியும்? பொட்டியில வெச்சவன் தொறந்தே பாக்கல" என்றார் பெரியவர். இரண்டாமவர் வெளியே போய் மூன்று டீ சொல்லிவிட்டு, என்னை நினைத்துக்கொண்டு திரும்பப் போய் நான்காக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கேபிளைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்ததாகச் சொல்ல ஆசைதான், நடக்கவில்லை. ஏழு மெஷினைக் காலி செய்து இரண்டுக்குள் கொண்டுவர ஜூன் கடைசி வாரம் வரை ஆயிற்று. முதல் வாரம் எடைமேடையின் ரசீது அச்சாகவில்லை, மில் மேனேஜர் என்னைப் பழிவாங்கிக்கொண்டார். ஒரு கணக்கு மென்பொருள் மட்டும் பழைய இடத்தை விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. அதற்காக ஒரே ஒரு உரிமத்தை வைத்துக்கொண்டோம். மற்றவற்றுக்கு வேண்டாம் என்று கடிதம் எழுதிப் பெரியவர் கையெழுத்துப் போட்டார். கோயமுத்தூர்க்காரர்களுக்கும் அவரே போனில் சொல்லிவிட்டார்.

இரண்டு மெஷினில் ஒன்று மில்லில் இருக்கிறது, இன்னொன்று சின்னவர் ஆபீசில். இரண்டாமவருக்கு தினசரி நகல் எடுக்கும் டிஸ்க். அதன்மேல் டீ டம்ளர் வைக்கக்கூடாது என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். இரண்டு மெஷினும் பேசிக்கொள்ள மதிலில் ஓட்டை போட்டுக் கேபிள் இழுத்தோம். என் முறையும் முடிந்தது. எந்த நாளில் யார் கூப்பிட்டாலும் போகிறேன். அந்தக் கருவியை எழுதியவருக்கு இரண்டு தட்டு முட்டை அனுப்ப வழி இருக்கிறதா என்று பெரியவர் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். விலாசம் தெரியாது என்றால் நம்புவதில்லை.

போன மாதம் ஒருநாள் சின்னவர் ஆபீசில் மெஷினின் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், ரெண்டு டிஸ்க் இருந்தாவே போதுமாமல்லங்க?"

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்திருப்பேன். எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன அன்னைக்கே போன்ல தேடிப் பாத்துட்டனுங்க."

"அப்பறம் ஏனுங்க சார் கொண்டாந்தீங்க?"

அவர் மதிலில் போட்ட ஓட்டையையும் அதில் நுழைந்து போகும் கேபிளையும் பார்த்தார்.

"நான் இல்லாமயே தொறந்துரும், அப்புடியும் நீங்க என்னையக் கூப்புடறீங்கன்னு தெரிஞ்சப்பறந்தானுங்க போலாம்னு தோணுச்சு" என்றார். "அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. மூணும் வேணும்னுதான் அவுரு நெனச்சுட்டு இருக்கட்டும்."